நீட் எழுதாமல் மருத்துவமனை வேலைக்குப் படிக்கலாமா? வாசகர் கேள்வி - பதில்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் பாராமெடிக்கல் படிப்புகள் பற்றியவைதான். அதனால் இந்த இதழை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். கடிதம் எழுதியவர்கள் பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன். கல்லூரிகளின் மீது குறை சொல்லியிருந்த இடங்களில் கல்லூரிப் பெயரையும் எடுத்துவிட்டேன்.

என் மகள் பயாலஜி குரூப், 600-க்கு 487 எடுத்திருக்கிறாள். நீட் எழுதவில்லை, கோச்சிங் அனுப்ப எங்களுக்கு வசதியும் இல்லை. நர்சிங் தவிர வேறு என்ன படிக்கலாம்? ரேடியாலஜி நல்லது, டயாலிசிஸ் வேண்டாம் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். குழப்பமாக இருக்கிறது மேடம்.
- ஒரு தாய், விருத்தாசலம்

அம்மா, முதலில் ஒரு விஷயம். 600-க்கு எவ்வளவு என்பதை விட இயற்பியல், வேதியியல், உயிரியல் இந்த மூன்றில் எவ்வளவு என்பதுதான் இங்கே கணக்கு. தமிழ்நாட்டில் பி.எஸ்சி. பாராமெடிக்கல் படிப்புகளுக்கான கலந்தாய்வை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழு நடத்துகிறது, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து. ஒரே விண்ணப்பத்தில் நர்சிங், பி.பார்ம், பிசியோதெரபி, பி.எஸ்சி. படிப்புகள் எல்லாமே வந்துவிடும். இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அந்த வருடம் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும். பிசியோதெரபிக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் சேர்க்கை விதிகள் மாறிக்கொண்டு வருகின்றன, அந்த இரண்டில் ஒன்று மனதில் இருந்தால் இந்த வருடத்துக் கலந்தாய்வுக் கையேட்டில் தகுதி பற்றிய பகுதியை மட்டுமாவது வரிக்கு வரி படித்துவிடுங்கள். புதுச்சேரி ஜிப்மருக்கு நீட் மதிப்பெண் வேண்டும், அதனால் அதை விட்டுவிடலாம். வேலூர் சி.எம்.சி. தன் சேர்க்கையைத் தானே நடத்துகிறது, அதற்குத் தனி விண்ணப்பம், தனி கடைசித் தேதி.

இப்போது எது நல்லது என்ற கேள்வி. ரேடியாலஜி, லேப், டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர் மற்றும் மயக்கவியல், கார்டியாக் டெக்னாலஜி, பெர்ஃப்யூஷன், ரெஸ்பிரேட்டரி தெரபி, அவசர சிகிச்சை, பிசிஷியன் அசிஸ்டென்ட், ஆப்டோமெட்ரி என்று பட்டியல் நீளம். பெரும்பாலானவை மூன்று வருடப் படிப்பும் ஒரு வருட இன்டர்ன்ஷிப்பும். பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், காலை ஏழரை மணிக்கு அந்த வேலையில் இருப்பவர் என்ன செய்துகொண்டிருப்பார் என்று உங்கள் மகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு மயக்கவியல் டெக்னீஷியனை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நோயாளி தியேட்டருக்குள் வருவதற்கு முன்பே அவர் வந்திருப்பார். மயக்க மருந்து இயந்திரத்தைப் போட்டு ஆக்சிஜன் குழாயில் அழுத்தம் சரியாக இருக்கிறதா, குழாய் நின்றுபோனால் கைகொடுக்க சிலிண்டர் நிறைந்திருக்கிறதா, சக்‌ஷன் இழுக்கிறதா, தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பின் விளக்கு எரிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, மூச்சுக்குழாயில் போடும் டியூப்களில் ஒரு சைஸ் சின்னதும் ஒரு சைஸ் பெரியதும் கூடவே எடுத்து வைத்து, அதற்குப் பிறகுதான் மயக்க மருந்து டாக்டருக்கு ரெடி என்று சொல்வார். இந்தப் பத்துப் பதினைந்து நிமிட வேலையில் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்த ஒரு மணி நேரத்தில் ஒரு உயிர் போகலாம். நோயாளி இவர் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். இப்படிப்பட்ட வேலை சிலருக்கு ரொம்பப் பிடிக்கும். வேறு சிலருக்கு நோயாளியோடு பேசிப் பழகினால்தான் வேலை செய்த திருப்தியே வரும், அவர்களுக்கு டயாலிசிஸ், பிசியோதெரபி, ஆப்டோமெட்ரி பொருந்தும். யாரோடும் அதிகம் பேசாமல் மைக்ராஸ்கோப்போடு இருக்கப் பிடித்தால் லேப்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பெர்ஃப்யூஷன் படித்தவர் இதய அறுவை சிகிச்சையின்போது இதயம் - நுரையீரல் இயந்திரத்தை ஓட்டுபவர், நல்ல மதிப்புள்ள வேலை. ஆனால் திறந்த இதய அறுவை சிகிச்சை நடக்கும் ஊரில்தானே அந்த வேலை இருக்கும்? மகள் விருத்தாசலத்துக்குப் பக்கத்திலேயே வேலை பார்க்க வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை இருந்தால் லேப், எக்ஸ்ரே, டயாலிசிஸ், பிசியோதெரபி இவைதான் சின்ன ஊர் வரைக்கும் இருக்கின்றன. டயாலிசிஸ் வேண்டாம் என்று உங்களுக்குச் சொன்னவர் எதை வைத்துச் சொன்னார் என்று புரியவில்லை. சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் இருக்கும் அளவுக்கு, டயாலிசிஸ் மையங்களுக்கு ஆள் தேவை குறையப் போவதில்லை.

எங்கள் டவுனில் ஒரு இன்ஸ்டிடியூட்டில் ஆறு மாதத்தில் 'டயாலிசிஸ் டெக்னீஷியன்' சர்டிபிகேட் தருகிறார்கள், 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று போர்டில் போட்டிருக்கிறது. பையனைச் சேர்க்கலாமா?
- ஒரு தகப்பனார், தருமபுரி மாவட்டம்

வேண்டாம் ஐயா. 2021-ல் பாராளுமன்றம் அலைடு (பாராமெடிக்கல் போன்ற துணை மருத்துவ) மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கென்று தேசிய ஆணையம் அமைக்கும் சட்டம் போட்டது. நர்சுக்கும் பார்மசிஸ்ட்டுக்கும் ஏற்கெனவே தனித்தனி கவுன்சில் இருந்தது, மற்றவர்களுக்கு இல்லாமல் இருந்த குறை அதில்தான் தீர்ந்தது. அந்தச் சட்டத்தில் எழுதியிருப்பது இது: அலைடு ஹெல்த் நிபுணர் என்றால் இரண்டிலிருந்து நான்கு வருடங்களில் குறைந்தது 2,000 மணி நேரம் படித்து டிப்ளமோவோ டிகிரியோ வாங்கியிருக்க வேண்டும். ஹெல்த்கேர் நிபுணர் என்ற மேல் பிரிவுக்கு மூன்றிலிருந்து ஆறு வருடங்களில் குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பும் டிகிரியும் வேண்டும். ஆறு மாதச் சான்றிதழ் இந்த இரண்டில் எதிலும் வராது. உங்கள் பையன் நாளைக்குப் பதிவு செய்யப் போனால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

'அரசு அங்கீகாரம்' என்ற இரண்டு வார்த்தையை யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதலாம். நீங்கள் கேட்க வேண்டியது எந்தப் பல்கலைக்கழகம், எந்த உத்தரவு எண், எந்த வருடத்துக்கு, எத்தனை இடத்துக்கு என்பது. கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்றால் அந்தப் பல்கலைக்கழக இணையதளத்தில் கல்லூரிப் பெயரும் அங்கே அனுமதிக்கப்பட்ட படிப்பும் இருக்கும். ஒரு கல்லூரிக்கு லேப் படிப்புக்கு அனுமதி இருக்கும், அதே கட்டடத்தில் அனுமதி இல்லாத இன்னொரு படிப்பையும் சேர்த்து நடத்துவார்கள், அதனால் கல்லூரிப் பெயரோடு நிறுத்தாமல் படிப்பின் பெயரையும் பாருங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் அது தானே பட்டம் தரும், அதுவும் சரிதான். கட்டணம் மட்டும் அதிகம்.

அப்புறம், அங்கீகாரம் இருந்தாலும் இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது, என்னைக் கேட்டால் அதுதான் பெரிய கேள்வி. பையன் கைப்பழக்கம் கற்றுக்கொள்ளப் போகும் மருத்துவமனை எது? கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை இருக்கிறதா, இல்லை வேறு எங்கோ ஒப்பந்தம் போட்டிருக்கிறார்களா? அங்கே டயாலிசிஸ் மெஷின் எத்தனை, ஒரு நாளைக்கு எத்தனை ஷிப்ட் ஓடுகிறது, ஒரு பேட்ச்சில் எத்தனை மாணவர்கள்? மூன்று மெஷினுக்கு நாற்பது மாணவர்கள் என்றால் அவன் மூன்று வருடமும் பின்னால் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வருவான். சேர்வதற்கு முன் ஒரு நாள் அந்த மருத்துவமனைக்கே நேரில் போய், யூனிபார்மில் நிற்கும் மூன்றாம் வருடப் பிள்ளைகள் யாரையாவது ஓரமாகக் கூப்பிட்டு, 'தம்பி, நீங்களே ஊசி போட்டு மெஷின் கனெக்ட் பண்ணியிருக்கீங்களா?' என்று கேளுங்கள். அட்மிஷன் ஆபீஸில் கிடைக்காத பதில் அங்கே கிடைக்கும்.

ரேடியாலஜியில் சேர்ந்திருக்கிறேன். கதிர்வீச்சு படும், பின்னால் குழந்தை பிறக்காது என்று வீட்டில் பயப்படுகிறார்கள், கோர்ஸை மாற்றச் சொல்கிறார்கள். உண்மையா அக்கா?
- முதலாம் ஆண்டு மாணவி, நாகர்கோவில்

விதிப்படி வேலை செய்தால் அந்தப் பயத்துக்கு இடமில்லை தங்கச்சி. விதிப்படி நடக்கிறதா என்று நீங்களே கவனித்துக்கொள்ள வேண்டும், அதைத்தான் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன்.

கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளப்பார்கள். பூமியில் சும்மா வாழ்வதாலேயே ஒரு மனிதருக்கு வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வரை இயற்கையாகவே கிடைக்கிறது. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றில் நோயாளிக்குக் கிடைப்பது அதில் நூறில் ஒரு பங்கு மாதிரிதான், சுமார் 0.02. இந்தத் துறையில் வேலை செய்பவருக்கு இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் எல்லை ஐந்து வருடத்துக்கு 100, எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக்கூடாது. ஒழுங்காக வேலை செய்யும் எக்ஸ்ரே அறையில் இருப்பவர்களுக்கு இந்த எல்லையின் பக்கத்தில்கூட வராது.

அது வராமல் இருக்கிறதா என்று காட்டுவதுதான் டி.எல்.டி. பேட்ஜ். நெஞ்சுப் பக்கம், ஈய ஏப்ரனுக்கு உள்ளே அணிய வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதை அனுப்பி அளவு பார்த்து ரிப்போர்ட் வரும். உங்கள் பெயரில் பேட்ஜ் தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள், வெட்கப்படாதீர்கள். சீனியர் பேட்ஜை மாட்டிக்கொண்டு நிற்பதில் ஒரு பயனும் இல்லை. வீட்டுக்குப் போகும்போது பேட்ஜை எக்ஸ்ரே அறைக்குள்ளேயே தொங்கவிட்டுப் போகாதீர்கள், நீங்கள் வாங்காத கதிர்வீச்சு உங்கள் கணக்கில் ஏறும். ஈய ஏப்ரனை மடித்து நாற்காலியில் போடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. மடித்த இடத்தில் உள்ளே இருக்கும் ஈயத் தகடு விரிசல் விடும், வெளியே பார்த்தால் தெரியாது, அந்த விரிசல் வழியாகக் கதிர் வரும். ஸ்டாண்டில் தொங்கவிட வேண்டும். குழந்தை நோயாளி அசைகிறது என்றால் பிடித்துக்கொள்ள ஒவ்வொரு முறையும் மாணவியையே கூப்பிடுவார்கள், அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். குழந்தையின் அப்பாவுக்கோ வேறு உறவினருக்கோ ஏப்ரன் போட்டுப் பிடிக்கச் சொல்வதுதான் முறை. எக்ஸ்ரே குழாயிலிருந்து இருக்கும் தூரத்தை இரண்டு மடங்காக்கினால் கதிர்வீச்சு நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும், இதை மட்டும் மறக்கவே வேண்டாம், ஒரு அடி பின்னால் நகர்வது அவ்வளவு பெரிய விஷயம்.

எம்.ஆர்.ஐ.யிலும் அல்ட்ராசவுண்டிலும் இந்த வகைக் கதிர்வீச்சே கிடையாது. பின்னாளில் கர்ப்பம் உறுதியானால் உடனே பொறுப்பாளரிடம் சொல்லிவிட வேண்டும், அதற்குப் பிறகு வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு மிச்ச மாதங்களுக்கெல்லாம் சேர்த்து 1 மில்லிசீவர்ட்தான் எல்லை, அதற்கேற்ற மாதிரி உங்கள் வேலையை மாற்றித் தர வேண்டும். இதை வீட்டில் உட்கார்ந்து பொறுமையாக விளக்குங்கள், கோர்ஸை மாற்ற வேண்டாம்.

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன், உங்கள் கடிதத்தில் இல்லை என்றாலும் பலர் கேட்பது. ரேடியாலஜி படித்தால் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கலாமா என்றால், கூடாது. கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் வருடச் சட்டத்தின்படி பதிவு பெற்ற இடத்தில், அதற்குத் தகுதியுள்ள டாக்டர்தான் எடுக்க வேண்டும். 'டாக்டர் வரவில்லை, நீயே பார்த்துவிடு' என்று எந்த ஸ்கேன் சென்டரில் சொன்னாலும் செய்யாதீர்கள், வழக்கு உங்கள் மேலும் வரும்.

டயாலிசிஸ் இரண்டாம் வருடம் படிக்கிறேன். போன மாதம் மருத்துவமனைப் போஸ்டிங்கில் ஊசி குத்திவிட்டது. சீனியர் 'ரத்தத்தை நன்றாகப் பிதுக்கிவிடு, யாரிடமும் சொல்லாதே, உன்னைத்தான் திட்டுவார்கள்' என்றார். நானும் சொல்லவில்லை. இப்போது தூக்கமே வரவில்லை.
- மாணவர், திருநெல்வேலி

தம்பி, இந்தப் பத்தியைப் படித்து முடித்த கையோடு கிளம்பி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே எச்.ஐ.வி. ஆலோசனை மற்றும் பரிசோதனை மையம் இருக்கும், கட்டணம் இல்லை, நீங்கள் சொல்வதை வெளியில் சொல்ல மாட்டார்கள். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி மூன்றுக்கும் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள், மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்று அவர்கள் சொல்லும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ஊசிக் குத்தில் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு, ஆயிரத்துக்கு மூன்று என்ற அளவில்தான், அதுவும் அந்த நோயாளிக்கு எச்.ஐ.வி. இருந்தால் மட்டுமே. ஹெபடைடிஸ் பி அப்படியில்லை, தடுப்பூசி போடாதவருக்கு அது சுலபமாகத் தொற்றும். அதனால் உங்களுக்கு மூன்று டோஸும் முடிந்ததா என்பதுதான் நான் முதலில் கேட்க விரும்புவது.

மற்ற மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊசி குத்தினால் பிதுக்கக்கூடாது, வாயில் வைக்கக்கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், உடனே பொறுப்பில் இருப்பவரிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுத வைக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது, 72 மணி நேரத்துக்குப் பிறகு பயனில்லை, 28 நாள் சாப்பிட வேண்டும். யாரிடமும் சொல்லாதே என்று சொல்பவர் அந்த 72 மணி நேரத்தை உங்களிடமிருந்து பறிக்கிறார். நீங்கள் மாணவர், ஊசி குத்துவது குற்றம் இல்லை, அதற்காகத் திட்டும் இடம்தான் தவறு செய்கிறது.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. வார்டுக்குப் போவதற்கு முன்பே இது தொடங்கியிருக்க வேண்டும். மூன்றாவது ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்பு சக்தி அளவு பார்த்து, அது 10-க்கு மேல் இருந்தால்தான் நிம்மதி. டயாலிசிஸ் பிரிவில் இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் ஒரே நோயாளி வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம், உடம்பு ரத்தமெல்லாம் வெளியே போய் உள்ளே வரும்படி உங்கள் கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறார். கல்லூரி தடுப்பூசி ஏற்பாடு செய்யவில்லை என்றால் வகுப்பாக எல்லோரும் கையெழுத்துப் போட்டு முதல்வரிடம் கொடுங்கள்.

இதே துறை மாணவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம், நாலு மணி நேரத்தில் 120 லிட்டர் தண்ணீர் அந்த நோயாளியின் ரத்தத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மெல்லிய சவ்வைத் தாண்டி ஓடுகிறது. குடிக்கும் தண்ணீரில் இருக்கும் குளோராமின் அதில் வந்துவிட்டால் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். தினமும் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. அறையில் போய் அந்தச் சோதனையைச் செய்து நோட்டில் எழுதுவது யார் என்று உங்கள் யூனிட்டில் கேளுங்கள், அவரோடு ஒரு வாரம் நில்லுங்கள். மெஷின் பட்டன்களை எல்லோரும் கற்றுக்கொள்கிறார்கள், ஆர்.ஓ. அறைக்குள் போன மாணவர்கள் குறைவு.

சேர்ந்து இருபது நாள்தான் ஆகிறது. விலகுகிறேன் என்றால் முழுக் கட்டணமும் கட்டினால்தான் ஒரிஜினல் மார்க்ஷீட், டி.சி. தருவோம் என்கிறார்கள். மூன்று வருடக் கட்டணத்துக்கு எங்கே போவேன்?
- மாணவி, கரூர்

கொடுக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் இதற்கென்றே அறிவிப்பு வெளியிட்டது. சேரும்போது ஒரிஜினலைப் பார்த்துச் சரிபார்த்து உடனே திருப்பித் தர வேண்டும், வாங்கி வைத்துக்கொள்ளவே கூடாது. படிக்காத வருடங்களுக்குக் கட்டணம் கேட்கவும் கூடாது. கட்டிய பணம் எவ்வளவு திரும்பும் என்பது சேர்க்கைக்கான கடைசித் தேதியை வைத்துக் கணக்கு, நீங்கள் சேர்ந்த தேதியை வைத்து இல்லை. அந்தக் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னால் எழுதிக் கொடுத்தால் முழுத் தொகை, ஒரு சிறு அலுவலகக் கட்டணம் மட்டும் பிடிக்கலாம். அதற்குப் பிறகு, ஆனால் கடைசித் தேதிக்கு முன்னால் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதி தாண்டி 15 நாள் வரை 80, முப்பது நாள் வரை 50, அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. கலந்தாய்வில் கிடைத்த இடம் என்றால் விலகுவது பற்றிக் கையேட்டில் சொல்லியிருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்றே எழுத்தில் கொடுங்கள், ரிஜிஸ்டர் தபாலில் ஒரு பிரதி, மின்னஞ்சலில் ஒரு பிரதி. வாயால் சொன்னதற்குத் தேதி கிடையாது. 2023-ல் வந்த மாணவர் குறைதீர்ப்பு விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும், 15 வேலை நாளுக்குள் அது அறிக்கை தர வேண்டும், அது சரியில்லை என்றால் பல்கலைக்கழகத்தின் ஆம்பட்ஸ்பர்சனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம், மேல்முறையீடு செய்யலாம். பெரும்பாலான கல்லூரிகள் இந்த விதிகளின் பெயரைக் கடிதத்தில் பார்த்தவுடனேயே பேச்சை மாற்றிக்கொள்ளும்.

டெங்குவில் ஒரு மாதம் படுத்துவிட்டேன், அட்டெண்டன்ஸ் குறைகிறது. தியரி நோட்ஸ் எல்லாம் எழுதிவிட்டேன், தேர்வு எழுத விடுவார்களா?
- மாணவர், தஞ்சாவூர்

தியரிக்கும் செய்முறைக்கும் வருகை தனித்தனியாகக் கணக்கிடுவார்கள், அதனால் நோட்ஸ் எழுதியது உதவாது. டிஸ்சார்ஜ் சம்மரி, மருத்துவச் சான்றிதழ் இரண்டையும் வைத்து இப்போதே துறைத் தலைவருக்கு எழுதிக் கொடுங்கள், ஹால் டிக்கெட் வரும் வாரத்தில் போய் நின்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. தவறிய போஸ்டிங்கை விடுமுறையில் செய்துகொள்ள அனுமதி கேளுங்கள், அதை லாக் புக்கில் (செய்த பயிற்சிகளைப் பதியும் நோட்டு) கையெழுத்தோடு ஏற்றுங்கள். இந்த விதியைக் கடுமை என்று நினைக்காதீர்கள். நாளைக்கு உங்களிடம் வரும் நோயாளி, நீங்கள் அந்த வேலையைச் செய்து பழகியிருப்பீர்கள் என்று நம்பித்தான் கையை நீட்டுகிறார்.

இரவு போஸ்டிங்கில் ஒரு சீனியர் டெக்னீஷியன் தேவையில்லாமல் தொட்டுப் பேசுகிறார். லாக் புக்கில் கையெழுத்து அவரிடம்தான் வாங்க வேண்டும். பயமாக இருக்கிறது.
- மாணவி, ஊர் வேண்டாம்

தேதி, நேரம், என்ன நடந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று இன்றிலிருந்தே எழுதி வையுங்கள். கல்லூரியிலும் மருத்துவமனையிலும் பாலியல் தொல்லைப் புகாருக்கான உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் வருடச் சட்டம். நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம், மாணவியும் தரலாம், சம்பவம் மருத்துவமனையில் நடந்தது என்று கல்லூரி தட்டிக்கழிக்க முடியாது. விசாரணை முடியும் வரை அவர் உங்கள் மதிப்பீட்டில் தலையிடக்கூடாது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, புகாரிலேயே அதை எழுதுங்கள். நம்பிக்கையான ஒரு ஆசிரியையை உடன் அழைத்துப் போங்கள். உடனடி உதவிக்கு 181, இரவிலும் எடுப்பார்கள். இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. ராகிங் தொந்தரவு உள்ளவர்களுக்கும் எண் தருகிறேன்: 1800-180-5522.

வேலை பார்த்துக்கொண்டே தொலைதூரக் கல்வியில் கிளினிக்கல் நியூட்ரிஷன் படிக்கலாமா?
- வாசகி, ஈரோடு

இல்லை, புதிதாகச் சேர முடியாது. 2025 ஜூலை - ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியல், உணவு மற்றும் ஊட்டச்சத்து, கிளினிக்கல் நியூட்ரிஷன் போன்ற படிப்புகளைத் தொலைதூரத்திலும் ஆன்லைனிலும் நடத்தக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்திவிட்டது. இப்போதும் யாராவது சேர்க்கை என்று போன் செய்தால் பணம் கட்டாதீர்கள்.

காது கேளாத என் தம்பிக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்த டீச்சரைப் பார்த்து எனக்கும் அந்தப் படிப்பில் ஆசை. எங்கே படிக்கலாம்?
- பிளஸ் டூ மாணவி, செங்கல்பட்டு

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். படிப்பின் பெயர் பி.ஏ.எஸ்.எல்.பி., செவித்திறனும் பேச்சு மொழியும் சேர்ந்தது, இன்டர்ன்ஷிப்போடு நான்கு வருடம். உங்கள் மாவட்டத்திலேயே, முட்டுக்காட்டில், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது, அங்கே போய் ஒரு நாள் பார்த்துவிட்டு வாருங்கள். மைசூரில் அகில இந்திய பேச்சு மற்றும் செவிப்புல நிறுவனம் இருக்கிறது, இந்தத் துறையில் பெயர் பெற்றது. எங்கே சேர்ந்தாலும் அந்தப் படிப்புக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள், முடித்த பிறகு அந்தக் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் தொழில் செய்ய முடியும். தமிழில் பேச்சுப் பயிற்சி தரக்கூடியவர்கள் சின்ன ஊர்களில் மிகவும் குறைவு. உங்களுக்கு அந்த வீட்டு அனுபவமும் இருக்கிறது.

கட்டணத்துக்கு என்ன உதவி கிடைக்கும்?
- பலர்

அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய், படிப்பு முடியும் வரை. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. பட்டியல் வகுப்பு, பழங்குடி மாணவர்களுக்குக் குடும்ப வருமானம் வருடத்துக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழை இ-சேவை மையத்தில் கலந்தாய்வுக்கு முன்பே வாங்கி வையுங்கள். சாதி, வருமானம், இருப்பிடம் எல்லாவற்றையும் ஒரே நாளில் விண்ணப்பித்துவிடுங்கள், கடைசி வாரத்தில் தாலுகா ஆபீஸில் கூட்டம் தாங்காது.

லேப் டெக்னாலஜி முடிக்கப் போகிறேன். அரசு வேலையா, வளைகுடாவா, லண்டனா? எதற்கு என்ன வேண்டும்?
- இன்டர்ன், மதுரை

அரசு வேலை என்றால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அதில் கல்வித் தகுதி என்ற இடத்தில் எந்தச் சான்றிதழ், எத்தனை வருடம், யார் நடத்தியது என்று தெளிவாக எழுதியிருப்பார்கள், டிகிரி இருந்தால் எல்லாப் பதவிக்கும் போதும் என்று நினைத்துவிட வேண்டாம், சில பதவிகளுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ் நடக்கும் லேப் டெக்னீஷியன் படிப்பைத்தான் பெயர் சொல்லிக் கேட்பார்கள். வளைகுடா நாடுகளில் உரிமத் தேர்வு எழுத வேண்டும், அதோடு உங்கள் சான்றிதழ்கள் உண்மையா என்று டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் நேராகப் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேட்கும். லண்டனில் லேப் வேலைக்கு, ரேடியோகிராபருக்கு, பிசியோதெரபிஸ்டுக்கு எச்.சி.பி.சி. என்ற கவுன்சிலில் பதிவு கட்டாயம், அவர்கள் நீங்கள் எந்தப் பாடத்தை எத்தனை மணி நேரம் படித்தீர்கள், எந்தப் பிரிவில் எவ்வளவு நாள் பயிற்சி எடுத்தீர்கள் என்று வரிவரியாகக் கேட்பார்கள்.

அதனால் கல்லூரியை விட்டு வருவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். நான்கு வருடப் பாடத்திட்டத்தின் முழுப் பிரதியில் முதல்வர் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். இன்டர்ன்ஷிப் சான்றிதழில் பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, பேத்தாலஜி, ரத்த வங்கி என்று பிரிவு வாரியாகத் தேதியோடு எழுதித் தரச் சொல்லுங்கள், 'ஒரு வருடப் பயிற்சி முடித்தார்' என்று ஒற்றை வரியில் தந்தால் வாங்காதீர்கள். லாக் புக்கைக் கல்லூரியில் ஒப்படைக்கச் சொன்னால் அதற்கு முன்னால் எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் எடுத்து வையுங்கள். முதல்வர் மாறுவார், ஆபீஸில் ஆள் மாறுவார், ஐந்து வருடம் கழித்து சவூதியிலிருந்து போன் போட்டு இதையெல்லாம் வாங்குவது பெரிய பாடு.